உலகிலேயே பழைய தேவாலயக் கட்டிடம் எது? (எங்கள் கோவில் உத்திரத்தில் ஏதோ வெட்டியிருக்கிறது)

இரணியல்காரன் | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரணியல் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கோவில் மிஷனரி காலத்துக் கட்டிடம். கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை. மழை வந்தால் நாலு இடத்தில் ஒழுகும், பாய் நனையும். இந்த அறுப்பின் பண்டிகை முடிந்ததும் இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. நானும் கமிட்டியில் இருக்கிறேன், நானும் சரி என்றுதான் சொன்னேன்.

போன சனிக்கிழமை மரத்துக்கு விலை மதிக்க ஆசாரியை வரவழைத்தோம். அவர் ஏணி வைத்து ஏறி, பீடத்துக்கு நேர் மேலே இருக்கும் அயனி உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, இதில என்னமோ வெட்டியிருக்கு" என்றார். ஏறிப் பார்த்தேன். வருஷா வருஷம் வெள்ளையடித்து ஏறிய சுண்ணாம்புக்கு அடியில் உளி வெட்டு. முதலில் 'த' எழுதி வாலைச் சுழித்த மாதிரி ஒன்று. அடுத்தது 'ங' போல. அப்புறம் 'ய' போல, 'ச' போல. கடைசியில் வால் நீண்ட ஒரு குறி. அதற்குக் கீழே இன்னொரு வரி ஓடுகிறது, ஆனால் சுண்ணாம்பு மூடிக் கிடக்கிறது.

அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. இரண்டு கேள்விகள். உலகத்தில் இன்றும் நிற்கிற மிகப் பழைய தேவாலயம் எது? இந்த எழுத்தை யாராவது வாசிக்க முடியுமா?

கேரளபுரத்தான் | வியாழன், இரவு 10.05

முதல் கேள்விக்குப் பதில் உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் அண்ணே. திருவிதாங்கோடு அரப்பள்ளி. தோமா அப்போஸ்தலர் கட்டியது, கி.பி. 63. அவர் கட்டியதாகச் சொல்லும் தேவாலயங்களை ஏழரைப் பள்ளி என்பார்கள், ஏழு முழுப் பள்ளி, ஒரு அரைப் பள்ளி. அந்த அரை நம்முடையது.

நாஞ்சில் டீச்சர் | வியாழன், இரவு 10.50

முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பழையது" என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயம் கலந்துவிடுகிறது. வழிபாடு எப்போது தொடங்கியது, இடம் எப்போதிலிருந்து புனிதமானது, இப்போது நிற்கிற சுவர் எப்போது எழுந்தது. மூன்றுக்கும் விடை வேறு வேறு.

சுவரை மட்டும் கேட்டால், சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா யூரோப்பஸ் என்று ஒரு பழைய கோட்டை நகரம். அங்கே கிடைத்த வீட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆமாம், வீடு. நம் ஊர் நாலுகெட்டு போல நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். இரண்டு அறைகளுக்கு இடையில் இருந்த சுவரை எடுத்துவிட்டு, எல்லோரும் கூடுவதற்கு ஒரு கூடம் ஆக்கியிருக்கிறார்கள். இன்னொரு சின்ன அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதன் சுவரில் நல்ல மேய்ப்பன், திமிர்வாதக்காரனைச் சுகமாக்குவது, கல்லறைக்கு வரும் பெண்கள் என்று ஓவியங்கள். சுவர்ப் பூச்சு ஈரமாக இருந்தபோது யாரோ கீறிவைத்த ஒரு வருஷக் கணக்கு அங்கே கிடைத்தது. அது நம் கணக்கில் 232-33.

அந்த வீடு எப்படித் தப்பியது தெரியுமா? 256 வாக்கில் பாரசீகர் நகரத்தை முற்றுகையிட்டார்கள். மதில் இடிந்துவிடக் கூடாது என்று ரோமப் படை மதிலை ஒட்டிய தெரு முழுவதும் மண்ணைக் கொட்டி மேடாக்கியது. வீடும் அதில் புதைந்தது. நகரம் விழுந்தது, வீடு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். ஓவியங்கள் இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொன்று இஸ்ரேலில் மெகிதோ. 2005-ல் ஒரு சிறைச்சாலையை விரிவாக்க நிலத்தைத் தோண்டியபோது கைதிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். மண்ணுக்கு அடியில் சித்திரக்கல் தளம் ஒன்று வந்தது. நடுவில் மீன்கள், கிரேக்க எழுத்துகள். அகெப்டூஸ் என்ற பெண் கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக மேசையைக் கொடுத்தாள் என்று ஒரு வரி. கையானஸ் என்ற நூற்றுவர் தலைவன் தன் செலவில் தளம் போட்டான் என்று இன்னொரு வரி.

கோவிலாகவே திட்டமிட்டுக் கட்டியது என்று பார்த்தால் ஜோர்டானில் அகபா. கல் அடித்தளம், மேலே பச்சைச் செங்கல் சுவர், கி.பி. 300-ஐ ஒட்டியது. 1998-ல் கண்டுபிடித்தார்கள்.

இந்த மூன்றிலும் இன்று ஆராதனை இல்லை. இன்றும் விளக்கெரிகிற கோவில் வேண்டுமென்றால் ஆர்மீனியாவில் எச்மியாட்சின், பெத்லகேமில் பிறப்புக் கோவில் என்று பட்டியல் மாறும். எச்மியாட்சின் 301-303-ல் தொடங்கியது, ஆனால் இப்போதுள்ள கட்டிடத்தின் அடிப்படை 483-ல் திரும்பக் கட்டியது. பெத்லகேமில் கான்ஸ்டன்டைன் மன்னர் கட்டி 339-ல் பிரதிஷ்டை ஆனது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னர் அதையே பெரிதாக்கிக் கட்டினார். இன்று நாம் உள்ளே போவது ஜஸ்டினியன் கட்டிடம். காலுக்கு அடியில், மரக் கதவு போட்ட பள்ளத்தில், பழைய கோவிலின் சித்திரக்கல் தளம் தெரியும்.

கேரளபுரத்தான் | வெள்ளி, காலை 6.30

டீச்சர், அப்போ அரப்பள்ளி கணக்கில் வராதா? மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போன இடம் அது.

நாஞ்சில் டீச்சர் | வெள்ளி, காலை 7.15

வராமல் என்ன தம்பி. தோமா 52-ல் கொடுங்கல்லூரில் கரை இறங்கினார் என்பதும், கொடுங்கல்லூர், பாலையூர், பரவூர், கொக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம், அப்புறம் திருவிதாங்கோடு என்பதும் தலைமுறை தலைமுறையாகக் காத்த மரபு. அந்த மரபே ஒரு சொத்து. ஒரு சமூகம் இத்தனை நூற்றாண்டு ஒரே இடத்தைக் காட்டி "இங்கேதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் மரபு சொல்லும் வருஷத்தைச் சுவரின் வயதாக எழுதக் கூடாது. பெத்லகேம்காரர்களே அப்படி எழுதுவதில்லையே.

பெயருக்கும் இரண்டு விளக்கம் உண்டு. அர என்றால் பாதி. அரசன் கொடுத்த இடம் என்பதால் அரசப்பள்ளி, அது அரப்பள்ளி ஆனது என்றும் சொல்வார்கள். வேணாடு என்ற பழைய அரசின் தலைநகராக இருந்த ஊர், திருவிதாங்கூர் என்ற நாட்டுப் பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது என்பதால் இரண்டாவது விளக்கமும் எனக்குப் பிடிக்கும்.

மயிலாடி கல்தச்சன் | வெள்ளி, மதியம் 1.20

அரப்பள்ளிக்கு நான் போயிருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே காலை வைத்ததும் கருங்கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். என் வேலை கல் என்பதால் என் கண் கல்லுக்குத்தான் போகும். உளி விழுந்த விதத்தைத் தடவிப் பார்த்தேன். மிஷின் அறுத்த கல்லில் கை வழுக்கும். உளி கொத்திய கல்லில் கை நிற்கும். ஆப்பு வைத்துப் பிளந்த கல் என்றால் ஓரத்தில் வரிசையாகக் குழிகள் இருக்கும். கொத்தினவன் வலது கைக்காரனா இடது கைக்காரனா என்றுகூடச் சில சமயம் சொல்லலாம்.

ஆனால் கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது. பாறை என் தாத்தனுக்கும் அவர் தாத்தனுக்கும் ஒரே வயதுதான். எழுத்து இருந்தால் மட்டும்தான் வயது. டீச்சர் சொன்ன மெகிதோ தளத்தில் வேலை செய்தவன் பெயர் இருக்கிறதா?

நாஞ்சில் டீச்சர் | வெள்ளி, மதியம் 2.00

இருக்கிறது தம்பி. தளத்துக்குக் காசு கொடுத்தவன் கையானஸ் என்று எழுதிவிட்டு, வேலையைச் செய்தவன் ப்ரூட்டியஸ் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

மயிலாடி கல்தச்சன் | வெள்ளி, மதியம் 2.04

நல்லா இருக்கட்டும்.

ஏட்டுச்சுவடி | வெள்ளி, இரவு 8.30

இரணியல்காரரே, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுத்தென்று நினைத்தது பழைய தமிழ் எண். 'த' வாலைச் சுழித்தது ௲, அதாவது ஆயிரம். 'ங' போல இருப்பது ௩, 'ய' போல இருப்பது ௰, இரண்டும் சேர்ந்தால் முப்பது. 'ச' போல இருப்பது ௪. கடைசியில் வால் நீண்டது ௵, வருஷம் என்பதன் சுருக்கம்.

௲௩௰௪ ௵. ஆயிரத்து முப்பத்து நாலாம் வருஷம்.

இரணியல்காரன் | வெள்ளி, இரவு 8.41

கை நடுங்குகிறது. 1034? அப்படியென்றால் ஆயிரம் வருஷக் கோவிலா? இப்போதே கமிட்டி செயலாளருக்குப் போன் போடுகிறேன்.

ஏட்டுச்சுவடி | வெள்ளி, இரவு 8.52

பொறுங்கள், பொறுங்கள். போன் போடாதீர்கள். அது கொல்ல ஆண்டு.

1956 நவம்பர் 1-க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், மேலே கொல்லம் இத்தனாம் ஆண்டு என்றுதான் இருக்கும். கொல்ல ஆண்டு கி.பி. 825-ல் தொடங்கியது. 1034 என்றால் 1858 ஆவணியிலிருந்து 1859 ஆடி வரைக்கும் உள்ள காலம்.

இரணியல்காரன் | வெள்ளி, இரவு 9.30

சரி. புரிந்தது. நூற்று அறுபத்துச் சொச்சம் வருஷம். மெகிதோ, பெத்லகேம் எல்லாம் படித்த பிறகு இது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. கமிட்டியில் இதைச் சொன்னாலும் யாரும் நிறுத்தப்போவதில்லை.

நாஞ்சில் டீச்சர் | வெள்ளி, இரவு 10.15

ஒன்றுமே இல்லையா? தம்பி, 1034 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அது எந்த வருஷம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தோள்சீலைக் கலவரத்தின் கடைசிக் கட்டம் அந்த வருஷத்தில்தான். 1858 முடிவிலும் 1859 தொடக்கத்திலும் நம் பக்கத்தில் நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள். ஜெபக் கூடங்களையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். 1859 ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விளம்பரம் வெளியிட்டு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். அந்த ஜூலையும் 1034-க்குள்தான் வருகிறது.

அக்கம்பக்கத்தில் கூடங்கள் எரிந்த அதே வருஷத்தில் உங்கள் ஊர் ஏழை ஜனங்கள் ஒரு அயனி மரத்தை வெட்டி, இழைத்து, வருஷத்தைக் கொத்தி, தோள் கொடுத்து மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஓலைக் கூரை போட்டால் செலவு குறைவு. அவர்கள் உத்திரம் ஏற்றினார்கள். மூன்று தலைமுறைக்கு நிற்க வேண்டும் என்று நினைத்தால்தான் அப்படிச் செய்வார்கள்.

பழமைப் போட்டியில் பெத்லகேமோடு உங்கள் கோவில் நிற்க வேண்டியதில்லை. 1034-க்கு உங்கள் ஊரில் நிற்கிற சாட்சி அது ஒன்றுதான்.

குழித்துறை ஆறு | வெள்ளி, இரவு 11.00

டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பேசவே இல்லை. அவர்களுடைய பாட்டியின் பாட்டி அந்தக் காலத்தவர்கள்.

ஏட்டுச்சுவடி | சனி, காலை 9.10

கொல்லம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 849-ல் வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு எழுதினார். சேர மன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வட்டெழுத்தில் எழுதிய ஏடு. சாட்சிக் கையெழுத்துகள் அரபியில், பாரசீகத்தில், எபிரேயத்தில் என்று அவரவர் எழுத்தில் இருக்கின்றன. அன்றைய கொல்லத்துக் கடைத்தெருவே அந்தச் செப்பேட்டில் வந்து வரிசையாக நிற்பது போல இருக்கும்.

பள்ளி போய்விட்டது. ஒரு கல் கூட இன்று காட்ட இல்லை. செம்புத் தகடு மட்டும் இருக்கிறது, அதனால்தான் அப்படி ஒரு கோவில் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. உங்களிடம் கட்டிடமும் இருக்கிறது, அதற்குள்ளேயே எழுத்தும் இருக்கிறது.

மயிலாடி கல்தச்சன் | சனி, காலை 11.45

எங்கள் ஊரிலும் இதே கதைதான். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1809-ல் கட்டிய கோவில்தான் தென் திருவிதாங்கூரில் முதல் புராட்டஸ்டன்ட் கோவில். அதைப் பார்க்கவென்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "அந்தப் பழைய கல் எங்கே" என்றுதான். புதுக் கட்டிடத்தைக் காட்டினால் முகம் வாடிவிடும்.

நாஞ்சில் டீச்சர் | சனி, மாலை 4.30

உத்திரம் என்றதும் நேற்றிலிருந்து ஒன்று நினைவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எகிப்தில் சினாய் மலை அடியில் புனித கத்தரீனாள் மடம். அதன் கோவிலுக்கு வயது எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உத்திரத்தைப் பார்த்துத்தான்.

மேற்கூரையின் மர உத்திரங்களில் கிரேக்கத்தில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒன்றில் ஜஸ்டினியன் மன்னரின் நலனுக்காக வேண்டுதல். இன்னொன்றில் மறைந்த அரசி தியடோராவின் நினைவுக்காக. அரசி இறந்தது 548. மன்னர் இறந்தது 565. அரசி இல்லை, மன்னர் இருக்கிறார் என்றால் கூரை ஏறியது இந்த இரண்டு வருஷத்துக்கும் நடுவில். அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது உத்திரம் கோவிலைக் கட்டியவனுடையது. ஸ்தேவான் என்று பெயர், ஊர் அய்லா. அய்லா என்பது முதலில் சொன்ன அதே அகபாதான். ஆண்டவரே, உமது அடியான் ஸ்தேவானையும் நோன்னாவையும் காத்தருளும், அவர்களுடைய பிள்ளைகளின் ஆன்மாவுக்கு இளைப்பாறுதல் தாரும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு கொத்தன், யார் கண்ணுக்கும் எளிதில் படாத உயரத்தில் அதை வெட்டிவைத்தான். மேலே இருந்ததால் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது.

உங்கள் உத்திரத்தில் இரண்டாவது வரி என்ன, தம்பி?

இரணியல்காரன் | சனி, இரவு 8.00

அதுதான் டீச்சர் தெரியவில்லை. சுண்ணாம்பு கட்டியாகப் பிடித்திருக்கிறது. ஆசாரி இழைப்புளி போட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும் என்கிறார்.

மயிலாடி கல்தச்சன் | சனி, இரவு 8.02

வேண்டாம்! இழைப்புளி வேண்டாம். கம்பித் துலக்கி வேண்டாம். தண்ணீரை ஊற்றவும் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி | சனி, இரவு 8.20

கல்தச்சர் சொல்வது சரி. எழுத்து மரத்தில் நகக்கண் ஆழம்கூட இருக்காது. இழைத்தால் சுண்ணாம்போடு எழுத்தும் சீவலாகத் தரையில் விழும். மூங்கிலை மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள், பெயிண்ட் அடிக்கிற மெத்தென்ற பிரஷ் ஒன்று போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உதிருங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சை உத்திரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடித்தால் வெட்டில் நிழல் விழும், சுண்ணாம்புக்கு மேலேயே எழுத்து எழும்பும்.

கேரளபுரத்தான் | சனி, இரவு 9.00

ஒழுகுவதற்கு ஒரு வார்த்தை. எங்கள் வீடும் ஓட்டு வீடுதான். ஒழுகினால் பெரும்பாலும் ஓடும் அதைத் தாங்கும் மரப் பட்டியலும்தான் போயிருக்கும், உத்திரம் நன்றாகவே இருக்கும். பட்டியலை மாற்றி ஓட்டைத் திருப்பி மேய்ந்தால் தீர்ந்தது. இடிக்கத் தேவையே இல்லை.

நாஞ்சில் டீச்சர் | சனி, இரவு 9.25

பெத்லகேமிலும் கூரைதான் பிரச்சினை. மழைத் தண்ணீர் இறங்கி, கீழே உள்ளதெல்லாம் கெடத் தொடங்கியபோது 2013-ல் பழுதுபார்ப்பைக் கூரையிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். மூன்று சபைகள் பங்கு வைத்து நடத்துகிற கோவில் அது. அவர்களுக்குள் பழைய பிணக்குகள் உண்டு. ஆனால் கூரைக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

மரம் நிற்குமா என்று கமிட்டியில் கேட்டால் ரோமாபுரி சாந்தா சபீனாவைச் சொல்லுங்கள். 430களின் மரக் கதவு, இன்றும் வாசலில் இருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று அந்தக் கதவில்தான்.

இரணியல்காரன் | திங்கள், இரவு 10.30

நேற்று ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. டீச்சர் எழுதியதை நான் தாளில் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். தோள்சீலை என்ற இடம் வந்ததும் பின் வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் எழுந்து, "இடிக்கணும்னா என்ன மொதல்ல கேட்டுட்டு இடிங்க" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இடிப்பதை நிறுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். இட நெருக்கடி உண்மை. பண்டிகைக்குப் பாதிப் பேர் வெளியே பந்தலில்தான் உட்காருகிறார்கள். புதுக் கட்டிடத்தைப் பின்னால் தென்னை நிற்கிற இடத்தில் போட முடியுமா என்று அளந்து பார்க்க மூன்று பேரை நியமித்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். அது முடியும் வரை உத்திரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

அப்புறம், எல்லோரும் போன பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் வரி எழும்பியது! முதல் வார்த்தை "இந்த". அடுத்தது "மரம்". கடைசி வார்த்தை "உபயம்". நடுவில்தான் பெயர் இருக்க வேண்டும். அந்த இடத்தில் எந்தக் காலத்திலோ ஃபேன் மாட்ட ஒரு கொக்கியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். கொக்கிக்கு இந்தப் பக்கம் "மா" என்று ஒரு எழுத்து தெரிகிறது. அந்தப் பக்கம் "ள்" மாதிரி ஒன்று.

குழித்துறை ஆறு | திங்கள், இரவு 10.36

"ள்" என்றால் பெண்தானே!

ஏட்டுச்சுவடி | திங்கள், இரவு 10.44

பெண்ணாக இருக்கலாம். கொக்கியைப் பிடுங்க வேண்டாம், சுற்றியுள்ள சுண்ணாம்பை மட்டும் உதிருங்கள். ஒருவர் டார்ச்சை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒருவர் பார்த்து வரைய வேண்டும். தனியாக முடியாது.

இரணியல்காரன் | திங்கள், இரவு 10.50

வருகிற ஞாயிறு பத்தரைக்கு ஆராதனை முடியும். மயிலாடி அண்ணே, உங்களால் வர முடியுமா? உளி வெட்டைத் தடவிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

மயிலாடி கல்தச்சன் | திங்கள், இரவு 10.53

வருகிறேன். உயரம் எவ்வளவு? ஏணி போதுமா, சாரம் கட்ட வேண்டுமா?

இரணியல்காரன் | திங்கள், இரவு 10.55

சாரம் கட்டிவிடுகிறேன். ரெண்டு பேர் நிற்க வேண்டுமே. டீச்சர், உங்களுக்குக் கீழே நாற்காலி போட்டுவைக்கிறேன்.

நாஞ்சில் டீச்சர் | திங்கள், இரவு 11.02

நாற்காலி வேண்டாம். நானும் மேலே ஏறுகிறேன்.